புகார் மனுவில் ஐந்தாவது பெயர்

வாசகர் கேள்விகள். பதில் சொல்பவர்: ஓய்வு பெற்ற அரசு உதவி வழக்கறிஞர்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை போலீஸ் ஸ்டேஷனையும் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டையும் பற்றியவை. பவானி, தாராபுரம், அவிநாசி என்று மாற்றலாகிப் போன ஊரிலெல்லாம் அரசுத் தரப்பில் நின்று கேஸ் நடத்தியவள் நான். அடி வாங்கியவர் அழுதுகொண்டே கோர்ட்டை விட்டு வெளியேறியதையும் பார்த்திருக்கிறேன், தப்பே செய்யாதவர் வருஷக்கணக்கில் வாய்தாவுக்கு அலைந்ததையும் பார்த்திருக்கிறேன். அதனால் ஒன்றிரண்டு பதில்கள் நீண்டுவிட்டன.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் வந்துவிட்டன. பழைய பிரிவு எண்கள்தான் இன்னும் எல்லார் வாயிலும் இருக்கின்றன என்பதால் தேவையான இடத்தில் இரண்டையும் சொல்கிறேன்.

காங்கேயம் பக்கமிருந்து ஒரு விவசாயி: எங்கள் தோட்டத்துக் கிணற்று மோட்டார் கேபிளை ராத்திரியோடு ராத்திரியாக அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஸ்டேஷனில் மனு கொடுத்தேன். சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கொடுத்தார்கள். 'அது போதும், பார்க்கிறோம்' என்கிறார்கள். போதுமா?

போதாதுங்க. உங்கள் மனு வந்து சேர்ந்தது என்பதற்கான ஒப்புகைதான் சி.எஸ்.ஆர். ரசீது. புலன் விசாரணை என்று சட்டம் சொல்வது எப்.ஐ.ஆர். பதிவான பிறகுதான் தொடங்கும். நாளைக்கே பழைய இரும்புக் கடையில் உங்கள் தாமிரக் கம்பி அகப்பட்டாலும், எப்.ஐ.ஆர். இருந்தால்தான் அது உங்கள் கேஸின் சொத்தாகக் கோர்ட்டுக்கு வரும்.

மனுவில் பொருளின் மதிப்பை எழுதினீர்களா என்று பாருங்கள். புதிய சட்டத்தில் திருட்டு பிரிவு 303(2), பழைய 379. முதல்முறை திருடியவர், 5,000 ரூபாய்க்குக் குறைவான பொருள் என்றால், அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சமூக சேவையோடு போகலாம் என்று அதில் ஒரு சலுகை சேர்த்திருக்கிறார்கள். அந்த வகையை மாஜிஸ்ட்ரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்கவும் முடியாது. ஆகவே 'மோட்டார் ஒயர் திருடு போய்விட்டது' என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால், சின்னத் திருட்டு என்று ஒதுக்கிவைக்க நீங்களே இடம் கொடுத்ததாக ஆகிவிடும். எத்தனை அடி கேபிள், எப்போது வாங்கியது, பில் இருக்கிறதா, இன்றைக்கு வாங்கினால் என்ன விலை, இத்தனையும் எழுதுங்கள். ராத்திரி எத்தனை மணிக்கு மோட்டாரை நிறுத்தினீர்கள், காலையில் த்ரீ ஃபேஸ் கரண்ட் வந்து ஓட்டப் போனது எத்தனை மணிக்கு என்றும் எழுதுங்கள். அந்த இரண்டு நேரத்துக்கு இடையில்தான் திருட்டு நடந்திருக்கிறது. போலீஸ் தேட வேண்டிய நேரமும் அதுதான்.

போலீஸ் தானே விசாரிக்கக்கூடிய குற்றம் என்று மனுவிலேயே தெரிந்தால் எப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொல்லியிருக்கிறது. எப்.ஐ.ஆர். நகல் உங்களுக்கு இலவசம். அது சட்டப்படி உங்கள் உரிமை. போட மறுத்தால் மனுவை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் பிரிவு 175(3)-ன் கீழ், அதாவது பழைய 156(3)-ன் கீழ், பிரமாணப் பத்திரத்தோடு மாஜிஸ்ட்ரேட்டிடம் போகலாம். அங்கே முதலில் கேட்பது அந்தத் தபால் ரசீதைத்தான்.

சென்னிமலைப் பக்கமிருந்து ஒரு வாசகி: பங்காளிகளுக்கும் எங்களுக்கும் வண்டித்தடத்தில் தகராறு. கிளுவை வேலியை வெட்டித் தடத்தில் போட்டார்கள். போய்க் கேட்ட என் வீட்டுக்காரரை மண்வெட்டிக் காம்பால் அடித்ததில் தலையில் தையல் போட வேண்டியதாகிவிட்டது. அடித்தது பெரியப்பா மகனும் அவர் பையனும்தான். 'குடும்பத்தோட சேத்து எழுதுங்க, அப்பத்தான் வழிக்கு வருவாங்க' என்று ஊரில் ஒருவர் சொன்னதால், கோயமுத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் உட்பட ஐந்து பேர் பெயரைக் கொடுத்துவிட்டோம். அவர்களும் எங்கள் மேல் எதிர்ப் புகார் கொடுத்திருக்கிறார்கள். இனி என்ன ஆகும்?

அம்மிணி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனம் சங்கடப்பட்டது. அடித்தவர்கள் தப்பித்துக்கொள்வது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

உங்கள் வீட்டுக்காரரை ஜி.ஹெச்.சுக்குக் கூட்டிப்போனீர்களே, அங்கே ட்யூட்டி டாக்டர் ஒரு பதிவேட்டில் எழுதியிருப்பார். விபத்துப் பதிவேடு என்பார்கள், கோர்ட்டில் 'ஏ.ஆர். காப்பி'. ரத்தம் துடைக்கும்போதே 'என்ன ஆச்சு, யார் அடிச்சாங்க' என்று கேட்டு, ஒரே ஒரு வரி எழுதுவார். இப்படி இருக்கும்: 'இன்று காலை சுமார் எட்டு மணிக்குத் தன் தோட்டத்தருகே தெரிந்த இரண்டு நபர்கள் கட்டையால் தாக்கியதாகக் கூறுகிறார்.' அவ்வளவுதான். டாக்டருக்கு உங்கள் பங்காளியும் தெரியாது, தடமும் தெரியாது. யாருக்கும் சாதகமாக எழுத வேண்டிய அவசியமில்லாதவர் எழுதியது என்பதால்தான் அந்த வரிக்குக் கோர்ட்டில் அத்தனை மதிப்பு.

அதன் பிறகு சாயங்காலம் ஸ்டேஷனில் நீங்கள் கொடுத்த மனுவில் ஐந்து பேர். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வேறென்ன வேண்டும்?

இதே மாதிரி ஒரு கேஸை நான் நடத்தினேன். அடி உண்மை, காயம் உண்மை, அடித்தவர் யார் என்று ஊருக்கே தெரியும். ஆனால் மனுவில் எழுந்து நடக்கவே சிரமப்படும் ஒரு கிழவியும் கல் எறிந்ததாக எழுதியிருந்தார்கள். குறுக்கு விசாரணையில் அந்த வக்கீல் அடியைப் பற்றிக் கேட்கவே இல்லை. 'டாக்டரிடம் இரண்டு பேர் என்றீர்களா?' ஆமாம். 'மனுவில் ஐந்து பேர் என்றீர்களா?' ஆமாம். 'பாட்டி எறிந்த கல் எங்கே விழுந்தது?' பதில் இல்லை. 'டாக்டரிடம் சொன்னது பொய்யா, போலீசிடம் சொன்னது பொய்யா?' சாட்சி என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் வாய் திறக்க முடியாது. ஐந்து பேரும் விடுதலையானார்கள், அடித்தவர் உட்பட. பொய்யையும் உண்மையையும் கோர்ட் பிரித்துப் பார்க்கும், பார்க்கவும் வேண்டும் என்று தீர்ப்புகள் இருக்கின்றன. இருந்தும், சந்தேகம் என்று வந்துவிட்டால் அதன் பலன் எதிரிக்குத்தான், அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தான், போகும். நிரூபிக்கும் பொறுப்பு முழுக்க அரசுத் தரப்புக்கு. எதிரி எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. அது சரியான ஏற்பாடு என்றே நான் நம்புகிறேன். அது இல்லாவிட்டால் உங்கள் மனுவில் இருக்கும் கோயமுத்தூர்ப் பெண் என்ன ஆவாள் என்று நினைத்துப் பாருங்கள்.

அவள் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. இப்போது முன்ஜாமீனுக்கு அலைவாள், மாமியார் வீட்டில் தலைகுனிந்து நிற்பாள். செய்யாத குற்றத்துக்கு ஒரு பெண்ணை இப்படி நிறுத்துவது அநியாயம், அம்மிணி. உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. அதற்காக இதைச் சரி என்று சொல்ல மாட்டேன்.

நல்லவேளையாக, இன்னும் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். விசாரணை அதிகாரி உங்களையும் உங்கள் வீட்டுக்காரரையும் பிரிவு 180-ன் கீழ் (பழைய 161) விசாரித்து வாக்குமூலம் பதிவார். அப்போது நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுங்கள்: அடித்தது இருவர், மற்ற மூன்று பேர் பெயர் வேகத்தில் எழுதியது. விசாரணையில் அவர்களுக்குச் சம்பந்தமில்லை என்று தெரிந்தால் குற்றப்பத்திரிகையில் பெயரை நீக்கலாம். 'மாற்றிச் சொன்னால் கேஸ் போய்விடும்' என்று யாராவது பயமுறுத்துவார்கள். மனுவில் ஐந்து, வாக்குமூலத்தில் இரண்டு என்று எதிர்த்தரப்பு வக்கீல் நிச்சயம் கேட்பார். அதற்குச் சொல்ல உங்களிடம் உண்மையான பதில் ஒன்று இருக்கும். ஐந்து பேர் என்றே நின்றால் அதுவும் இருக்காது. அந்த வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது சட்டம். மாமனாருக்கு 60 வயது தாண்டியிருந்தால் அவரையும், பெண் என்பதால் உங்களையும், சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி வற்புறுத்த முடியாது. வீட்டுக்கே வந்துதான் விசாரிக்க வேண்டும்.

எதிர்ப் புகார் பற்றி. ஒரே சம்பவத்தில் இரண்டு புகார் வந்தால் இரண்டையும் ஒரே அதிகாரி விசாரித்து, முதலில் வம்புக்கு வந்தது யார் என்று கண்டுபிடித்து அந்த வழக்கில் மட்டும் குற்றப்பத்திரிகை போட வேண்டும்; இரண்டும் பொய்யென்றால் இரண்டையும் கைவிட வேண்டும் என்று தமிழ்நாடு காவல் நிலையாணை 566 (பழைய 588-ஏ) சொல்கிறது. நடைமுறையில் இரண்டிலும் குற்றப்பத்திரிகை போட்டு, 'நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள்' என்று விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. இதை நான் பணியில் இருந்தபோதே எதிர்த்தேன், இப்போதும் எதிர்க்கிறேன். அடித்தவனையும் அடிபட்டவனையும் ஒரே தட்டில் வைப்பதற்கு விசாரணை என்று பெயர் கிடையாது. விசாரணை அதிகாரியிடம் அந்த எண்ணைச் சொல்லியே எழுத்தில் கேளுங்கள்.

காயச் சான்றிதழை வாங்கிப் பாருங்கள். எலும்பு முறிவோ, பல் விழுந்ததோ, 15 நாள் கடும் வலியோடு படுத்ததோ இருந்தால் அது கொடுங்காயம். 117(2), 7 ஆண்டு வரை தண்டனை. முன்பு 20 நாளாக இருந்ததை 15 ஆக்கியிருக்கிறார்கள். தையல் மட்டும் என்றால் சாதாரணக் காயம். அதை ஆபத்தான ஆயுதத்தால் உண்டாக்கியது என்று கோர்ட் ஏற்றால் 118(1), 3 ஆண்டு வரை. ஸ்கேன் எடுத்திருந்தால் அந்த ரிப்போர்ட் விசாரணை அதிகாரி கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள். அது போகாமல் கொடுங்காயம் சாதாரணக் காயமாகிப்போன கேஸ்கள் ஏராளம்.

தடம் யாருக்கு என்பதை இந்தக் கேஸ் தீர்க்காது, போலீசும் தீர்க்க முடியாது. அதற்கு முன்சீப் கோர்ட்டில் வழிநடைப் பாத்தியம் கேட்டுத் தனியாக வழக்குப் போட வேண்டும். 20 ஆண்டுக்கு மேல் தடையில்லாமல், உரிமையாக அந்தத் தடத்தில் போய்வந்ததைக் காட்ட முடியுமானால் தயங்காமல் போடுங்கள்.

திருப்பூரிலிருந்து ஒரு தாய்: பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் என் மகனை, செல்போன் பறிப்பு கேஸ் என்று சொல்லி ராத்திரி கூட்டிப்போனார்கள். எந்த ஸ்டேஷன் என்றுகூடச் சொல்லவில்லை. மறுநாள் மாலைதான் தெரிந்தது. இப்போது ரிமாண்டில் இருக்கிறான். எங்கள் வீட்டில் வக்கீல் வைக்க வசதியில்லை.

உங்கள் மகனுக்கு வக்கீல் வைத்துக்கொடுப்பது அரசின் கடமை, தாயே. காவலில் இருப்பவர், பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கொடுக்க வேண்டும் என்பது 1987-ம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். நாளைக் காலையில் ஜில்லா கோர்ட் வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். போக முடியாவிட்டால் 15100-க்கு போன் செய்யுங்கள். சிறைக்குள்ளேயும் சட்ட உதவி மையம் இருக்கிறது. மகனைப் பார்க்கப் போகும்போது அங்கே மனு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

உங்களுக்குத் தகவல் சொல்லாதது தவறு. கைது செய்தால் காரணத்தை அவரிடமே சொல்ல வேண்டும், அவர் கைகாட்டும் உறவினருக்கு எங்கே வைத்திருக்கிறோம் என்று தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்ட்ரேட் முன் நிறுத்த வேண்டும். 'விசாரணைக்குத்தான் கூட்டிப்போகிறோம், கைது இல்லை' என்று சொல்லி உட்காரவைத்தாலும் அந்த நேரமும் கணக்கில் சேரும் என்றுதான் வாதாட வேண்டும். கூட்டிப்போன நேரம், வந்தவர்கள் சீருடையில் இருந்தார்களா, பக்கத்து வீட்டில் யார் பார்த்தார்கள், தெருவில் எந்தக் கடையில் கேமரா இருக்கிறது என்பதையெல்லாம் இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வக்கீலிடம் கொடுங்கள். கேமராப் பதிவு சில வாரத்தில் அழிந்துவிடும்.

மகனை அடித்தார்களா என்று கேளுங்கள். ஆம் என்றால் அடுத்து மாஜிஸ்ட்ரேட் முன் நிற்கும்போது, நேரிலோ வீடியோவிலோ, அவனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மாஜிஸ்ட்ரேட் அதைப் பதிவு செய்து டாக்டரிடம் அனுப்புவார். போலீஸ் எழுதி வாங்கிய ஒப்புதல் வாக்குமூலத்தைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது. அவன் சொல்லி ஒரு பொருள் கைப்பற்றப்பட்டிருந்தால் அந்தப் பகுதி மட்டும் செல்லும். ஆகவே வக்கீல் முதலில் பார்க்க வேண்டியது, எந்தப் போன், எந்த இடத்தில், யார் முன்னிலையில் எடுத்ததாக மகஜர் (சாட்சிகள் முன் போலீஸ் எழுதும் பதிவு) சொல்கிறது என்பதைத்தான்.

பறிப்புக்கு இப்போது தனிப் பிரிவு, 304. 3 ஆண்டு வரை. 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் அவன் உரிமையாகிவிடும். ஆனால் 61-ம் நாள் காலையில் மனு போட்டுக் கேட்க வேண்டும். கேட்காமல் இருந்து, அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். வக்கீலிடம் ரிமாண்ட் தேதியைக் கேட்டுச் சுவர்க் காலண்டரில் குறித்துவையுங்கள். அதற்காக அதுவரை காத்திருக்க வேண்டாம். சாதாரண ஜாமீன் மனுவை இப்போதே போடலாம்.

மகனுக்கு 18 வயது ஆகவில்லையென்றால் உடனே பள்ளிச் சான்றிதழை எடுத்துக்கொண்டு ஓடுங்கள். அவன் சிறையிலேயே இருக்கக் கூடாது. இளைஞர் நீதிக் குழுமத்துக்கு மாற்ற வேண்டும்.

நாமக்கல்லிலிருந்து ஒருவர்: என் அக்காவை லாரி மோதிக் கொன்றுவிட்டது. கேஸ் நடத்த நாங்கள் தனியாக வக்கீல் வைக்க வேண்டுமா?

குற்ற வழக்குக்கு வேண்டியதில்லை. அதை அரசு நடத்தும். கவனக்குறைவால் மரணம் என்பது இப்போது 106(1), 5 ஆண்டு வரை. பழைய 304-ஏ-யில் 2 ஆண்டுதான். நீங்கள் விருப்பப்பட்டால் ஒரு வக்கீலை வைத்து அரசு வக்கீலுக்கு உதவலாம். புலன் விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ தெரிவிக்க வேண்டும் என்று புதிய சட்டம் சொல்கிறது; தெரிவிக்காவிட்டால் எழுதிக் கேளுங்கள். நஷ்டஈடு தனி. அதற்கு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் மனு போட வேண்டும். விபத்து நடந்த 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். ஓட்டுநர் விடுதலையானால்கூட நஷ்டஈடு கிடைக்கலாம். ஆகவே ஒன்றுக்காக இன்னொன்றை நிறுத்திவைக்காதீர்கள்.

பவானியிலிருந்து ஜமக்காளம் நெய்யும் ஒருவர்: பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போட்டால் எனக்கு என்ன வரும்?

அவன் செய்த குற்றம் உங்கள் மேல் வராது. அவன் வாய்தாவுக்கு வராமல் ஓடிவிட்டால், நீங்கள் எழுதிக் கொடுத்த தொகையை ஏன் கட்டக் கூடாது என்று கோர்ட் உங்களைக் கேட்கும். கட்டாவிட்டால் சொத்தை ஜப்தி செய்து வசூலிக்கலாம். அப்படியும் வசூலாகாவிட்டால் 6 மாதம் வரை சிவில் சிறைக்கு அனுப்பலாம். காரணம் சொன்னால் தொகையைக் குறைக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. பையன் ஊரில் நிலைத்து இருப்பவனா, வாய்தா தேதி தெரிந்தால் நீங்களே கூட்டிப்போக முடியுமா என்று பார்த்துப் போடுங்கள். நம்பிக்கை போய்விட்டால், என்னை விடுவியுங்கள் என்று பிறகும் மனு போடலாம்.

ஈரோடு கருங்கல்பாளையத்திலிருந்து டீக்கடை வைத்திருப்பவர்: சில வருஷத்துக்கு முன் மாட்டுச் சந்தை அன்று என் கடைக்கு எதிரே நடந்த வெட்டுக் கேசில், மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். இப்போது சம்மன் வந்திருக்கிறது. எதிரி தரப்பு ஆட்கள் கடைக்கு வந்து டீ குடித்துவிட்டு, 'பாத்துச் சொல்லுங்கண்ணா' என்று சொல்லிப் போகிறார்கள். போகாமல் இருந்துவிடலாமா?

போங்க. சம்மன் வாங்கிவிட்டுப் போகாவிட்டால் வாரண்ட் வரும். அதன் பிறகு போலீஸ் கூட்டிப்போவது இன்னும் சங்கடம்.

நீங்கள் மகஜர் சாட்சி. யார் வெட்டினார் என்று உங்களைக் கேட்கப்போவதில்லை. வெட்டியதை நீங்கள் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போலீஸ் வந்து ரத்தக்கறை மண்ணையும் சாதா மண்ணையும் தனித்தனியாக எடுத்தார்களா, அரிவாள் அங்கே கிடந்ததா, அப்போது நீங்கள் இருந்தீர்களா, இது உங்கள் கையெழுத்துதானா என்று கேட்பார்கள். நினைவிருப்பதைச் சொல்லுங்கள். நினைவில்லாததை 'நினைவில்லை' என்றே சொல்லுங்கள், அதில் குற்றமில்லை. பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்வதுதான் பிறழ் சாட்சி. தெரிந்தே பொய் சொன்னால் பிரிவு 229-ன் கீழ் 7 ஆண்டு வரை போகலாம். வெட்டுப்பட்டவர் வீட்டில் இத்தனை வருஷமாகக் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கு உங்கள் ஐந்து நிமிஷம் பெரிய விஷயம்.

கடைக்கு வந்து பேசியவர்கள் யார், எந்தத் தேதி, என்ன சொன்னார்கள் என்பதை எழுதி அரசு வக்கீலிடம் கொடுங்கள். மென்மையாகப் பேசினாலும் அது சாட்சியைக் கலைப்பதுதான். 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று, நாடு முழுக்கச் சட்டமாகவே பின்பற்ற வேண்டும் என்றது. பயம் நிஜமாக இருந்தால் அதன்படி பாதுகாப்புக் கேட்டு ஜில்லா நீதிபதி தலைமையிலான குழுவுக்கு மனுக் கொடுக்கலாம். எதிரி ஜாமீனில் இருந்தால், சாட்சியை மிரட்டியதற்காகவே அந்த ஜாமீனை ரத்து செய்யச் சொல்லி அரசுத் தரப்பு கேட்கலாம்.

வாய்தா அன்று கோர்ட் தொடங்குவதற்கு முன்பே போய், சம்மனைக் காட்டி அரசு வக்கீலைப் பாருங்கள். கூப்பிடும்வரை கோர்ட் ஹாலுக்கு வெளியே இருங்கள். மற்ற சாட்சிகள் சொல்வதை நீங்கள் கேட்கக் கூடாது. சொல்லி முடித்ததும், வந்துபோன செலவுக்குச் சாட்சிப் படி உண்டு. நீங்கள் கேட்டால்தான் கொடுப்பார்கள். பெஞ்ச் கிளார்க்கிடம் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.